இரட்டை பூட் கணினியில் பார்ட்டிஷன் அளவை மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே டிஸ்க்கில் விண்டோஸையும் லினக்ஸையும் வைத்திருப்பவர்களுக்கு என்றாவது ஒரு நாள் இடத் தகராறு வந்தே தீரும். லினக்ஸுக்கு ஒதுக்கிய 40 ஜிபி நிரம்பி வழியும். பக்கத்திலேயே விண்டோஸ் 200 ஜிபியைச் சும்மா வைத்துக்கொண்டிருக்கும். இரண்டு பார்ட்டிஷன்களுக்கும் (டிஸ்க்கைப் பிரித்த பகுதிகள்) இடையே உள்ள எல்லையைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும் என்று தோன்றும். நகர்த்தலாம்தான். ஆனால் எந்தப் பக்கத்து எல்லையை, எந்தக் கருவியால் நகர்த்துகிறோம் என்பதைப் பொறுத்து அது ஐந்து நிமிட வேலையாகவும் இருக்கும், ஒரு நாள் முழுக்கத் தூக்கத்தைக் கெடுக்கும் வேலையாகவும் இருக்கும்.

அளவை மாற்றாமலேயே சமாளிக்க முடியாதா?

பல நேரங்களில் முடியும். அதைத்தான் முதலில் முயல வேண்டும். லினக்ஸ் பக்கம் நிரம்பியிருந்தால் பழைய கெர்னல்கள், பொதி மேலாளர் இறக்கி வைத்த கோப்புகள், கணினிப் பதிவேடுகள், பயன்படுத்தாத ஃபிளாட்பேக், ஸ்னாப் பொதிகள் ஆகியவற்றைப் பாருங்கள். டாக்கர் பயன்படுத்துபவர்கள் அதன் பழைய இமேஜ்களைப் பார்க்காமல் வேறெங்கும் தேட வேண்டாம். விண்டோஸ் பக்கம் என்றால், பெரிய மேம்படுத்தலுக்குப் பிறகு தங்கிவிடும் பழைய விண்டோஸ் கோப்புறையே பல ஜிபியை விழுங்கியிருக்கும். டிஸ்க் கிளீனப் அதை நீக்கிவிடும்.

இன்னொரு வழியும் உண்டு. விண்டோஸைச் சுருக்கியதில் கிடைத்த காலியிடம் லினக்ஸ் பார்ட்டிஷனுக்கு எட்டாத மூலையில் இருக்கிறதா? அதை இணைக்க மெனக்கெட வேண்டியதில்லை. அந்த இடத்தில் ஒரு புதிய பார்ட்டிஷனை உருவாக்கி, லினக்ஸில் ஒரு கோப்புறையாக மவுன்ட் செய்து (அதாவது இணைத்து), படங்கள், காணொளிகள், மெய்நிகர் கணினிகள் போன்ற கனமான சரக்கை அங்கே தள்ளிவிடலாம். அழகாக இல்லைதான். ஆனால் இருக்கிற தரவு எதையும் இடம்பெயர்க்காததால், எல்லா வழிகளிலும் ஆபத்து குறைந்தது இதுவே.

உண்மையில் எந்த வேலை ஆபத்தானது?

ஒரு பார்ட்டிஷனுக்குத் தொடக்கம், முடிவு என்று இரண்டு எல்லைகள். முடிவை மட்டும் மாற்றுவது எளிது. வலப்பக்கம் விரிக்கும்போது உள்ளே இருக்கும் கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். கோப்பு முறைமையின் (பார்ட்டிஷனுக்குள் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பின்) கணக்கு மட்டும் திருத்தப்படும். சில நொடிகளில் முடிந்துவிடும். வலப்பக்கத்திலிருந்து சுருக்கும்போது, கடைசிப் பகுதியில் இருக்கும் கோப்புகள் மட்டும் முன்னே நகர்த்தப்படும். இதுவும் பெரும்பாலும் சில நிமிடங்கள்தான்.

தொடக்க எல்லையைத் தொட்டால் கதை மாறிவிடும். கோப்பு முறைமை தன் தொடக்கப் புள்ளியிலிருந்துதான் எல்லாவற்றையும் எண்ணுகிறது. தொடக்கம் இடப்பக்கம் போனால் உள்ளே இருக்கும் அத்தனை தரவும் துண்டு துண்டாக நகலெடுக்கப்பட்டு முன்னே தள்ளப்பட வேண்டும். 300 ஜிபி தரவு உள்ள பார்ட்டிஷனை 20 ஜிபி இடப்பக்கம் நகர்த்தினாலும் 300 ஜிபியையும் படித்து எழுத வேண்டியதுதான். இடையில் மின்சாரம் போனால் பாதி பழைய இடத்திலும் பாதி புதிய இடத்திலும் கிடக்கும். லினக்ஸில் அளவு மாற்றப் பயன்படும் ஜிபார்ட்டட் கருவியில் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி இல்லை.

ஆகவே திட்டம் போடும்போது உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி இது: ஏதாவது ஒரு பார்ட்டிஷனின் தொடக்கம் நகர்கிறதா? நகராமல் காரியத்தை முடிக்க வழி இருந்தால் அந்த வழியே நல்ல வழி.

பேக்கப் அவசியமா? வெறும் முடிவு எல்லையை மட்டும்தானே மாற்றப்போகிறேன்?

அவசியம். கருவிகள் நம்பகமானவைதான். ஆனால் டிஸ்க்கில் ஏற்கெனவே ஒளிந்திருக்கும் பழுதான செக்டர், எதிர்பாராத மின்வெட்டு, தவறான வரிசையில் சொடுக்கும் விரல் ஆகியவற்றுக்கு எந்தக் கருவியும் பொறுப்பேற்காது. அந்தப் பேக்கப்பும் வேறொரு டிஸ்க்கில் இருக்க வேண்டும். அதே டிஸ்க்கின் இன்னொரு பார்ட்டிஷனில் நகல் வைத்திருப்பதைப் பேக்கப் என்று கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

குறைந்தபட்சம் உங்கள் சொந்தக் கோப்புகளின் நகல் வேண்டும். வசதி இருந்தால் குளோன்ஸில்லா என்ற கருவி கொண்டு முழு டிஸ்க்கின் இமேஜையும் எடுத்துவிடலாம். பயன்பட்ட பகுதிகளை மட்டுமே அது நகலெடுப்பதால் வெளி டிஸ்க்கில் நினைப்பதை விடக் குறைவான இடமே பிடிக்கும். எடுத்ததும் நகலிலிருந்து நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

கூடவே இரண்டு சின்ன வேலைகள். டிஸ்க்கின் உடல்நலத்தைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையை ஒருமுறை பாருங்கள். லினக்ஸின் டிஸ்க்ஸ் செயலியிலோ, விண்டோஸில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவிலோ பார்க்கலாம். மாற்றப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தால் அளவு மாற்றும் எண்ணத்தை விட்டுவிட்டுப் புது டிஸ்க் வாங்கும் எண்ணத்துக்கு மாறுங்கள். அடுத்து, இப்போதைய பார்ட்டிஷன் பட்டியலைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எது எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்ற அந்த ஒரு படம், நிலைமை குழம்பும்போது மதிப்பு வாய்ந்தது.

எந்தப் பார்ட்டிஷனுக்கு எந்தக் கருவி?

விண்டோஸ் பார்ட்டிஷனை விண்டோஸிலிருந்தே சுருக்குங்கள். லினக்ஸ் பார்ட்டிஷனை லினக்ஸ் கருவியால் மாற்றுங்கள். இந்த ஒரு விதி பாதிப் பிரச்சினைகளைத் தவிர்த்துவிடும்.

விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட் போதும். என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமையை உருவாக்கியவர்களே எழுதிய கருவி அது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேலை செய்யும். விண்டோஸின் மறைகுறியாக்கப் பூட்டான பிட்லாக்கர் போட்டிருந்தாலும் சுருக்கும். ஆனால் சுருக்கிக் கிடைத்த காலியிடத்தில் லினக்ஸ் பார்ட்டிஷனை அங்கிருந்தே உருவாக்க முயல வேண்டாம். அதை 'ஒதுக்கப்படாத இடம்' என்றே விட்டுவிடுங்கள்.

லினக்ஸ் பக்கத்துக்கு ஜிபார்ட்டட். உபுண்டு போன்றவற்றின் லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலேயே பென் டிரைவிலிருந்து இயங்கும் லினக்ஸில்) இருக்கும். இல்லையென்றால் ஜிபார்ட்டட் லைவ் என்று தனி இமேஜே உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸின் மூலப் பார்ட்டிஷனைப் பெரும்பாலும் சுருக்கவோ நகர்த்தவோ முடியாது என்பதால்தான் பென் டிரைவிலிருந்து பூட் செய்கிறோம். காசு வாங்கிக்கொண்டு 'எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில்' முடித்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள் ஏராளம். அவற்றில் சில நன்றாகவே வேலை செய்கின்றன. இலவசமாகக் கிடைக்கும் இந்த இரண்டும் செய்யாத எதற்காக அவற்றை வாங்க வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பிட்லாக்கர் இருந்தால் என்ன செய்ய வேண்டும்?

முதலில், இருக்கிறதா என்று பாருங்கள். நான் போடவே இல்லையே என்று பலர் நினைக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து புதிதாக நிறுவினால், விண்டோஸ் 11 பல கணினிகளில் டிவைஸ் என்கிரிப்ஷனைத் தானாகவே போட்டுவிடுகிறது. 24எச்2 பதிப்பிலிருந்து இது இன்னும் அதிகமான கணினிகளுக்குப் பரவியிருக்கிறது.

பூட்டு இருக்கிறது என்றால், 48 இலக்க மீட்புச் சாவியைக் கையில் எடுக்காமல் வேறெதையும் தொடாதீர்கள். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அதை வேறொரு சாதனத்தில் திறந்து, தாளில் எழுதி வையுங்கள். பூட் வரிசையையோ செக்யூர் பூட் அமைப்பையோ மாற்றினால் கணினியின் டிபிஎம் சில்லு சந்தேகப்பட்டு அடுத்த முறை அந்தச் சாவியைக் கேட்கும். அப்போது அது அந்தக் கணினிக்குள்ளேயே பத்திரமாக இருந்து பயனில்லை.

சாவி கிடைத்த பிறகு, சுருக்குவது மட்டும்தான் வேலை என்றால் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே முடித்துக்கொள்ளலாம். பிட்லாக்கர் பூட்டிய பார்ட்டிஷனை ஜிபார்ட்டடால் சுருக்கவோ விரிக்கவோ முடியாது. அங்கே செய்ய வேண்டிய வேலை இருந்தால் பூட்டை முழுமையாக நீக்கி, மறைகுறி அவிழும்வரை பொறுமையாகக் காத்திருந்து, எல்லாம் முடிந்ததும் மீண்டும் போட்டுக்கொள்ள வேண்டும். 'இடைநிறுத்து' என்ற பொத்தான் இதற்குப் போதாது. அது தரவை அவிழ்ப்பதில்லை. கட்டுப்பாட்டுப் பலகத்திலிருந்து நிறுத்தினால் அடுத்த மறுதொடக்கத்தில் தானாக விழித்துக்கொள்ளவும் செய்யும்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை ஏன் எல்லாரும் அணைக்கச் சொல்கிறார்கள்?

விண்டோஸ் 8 காலத்தில் வந்த வசதி இது. நீங்கள் 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. தன் கெர்னலின் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அரைத்தூக்கத்துக்குப் போகிறது. அப்போது என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் 'இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது' என்ற நிலையிலேயே நிற்கும். அந்த நேரத்தில் லினக்ஸிலிருந்து அதன் அமைப்பை மாற்றிவிட்டால், விண்டோஸ் எழுந்ததும் தன் நினைவில் இருக்கும் பழைய வரைபடத்தை நம்பி எழுதத் தொடங்கும். கோப்பு முறைமை சிதைய வேறென்ன வேண்டும்?

நல்ல வேளையாக, இப்படிப்பட்ட பார்ட்டிஷனைத் தொட ஜிபார்ட்டட் மறுத்துவிடும். அந்த மறுப்பை மதியுங்கள். இணையத்தில் எங்கோ கண்ட கட்டாயப்படுத்தும் கட்டளையைப் போட்டு மீறாதீர்கள். விண்டோஸுக்குள் போய், கட்டுப்பாட்டுப் பலகத்தின் மின்சக்தி அமைப்புகளில், பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தில் இதை அணைக்கலாம். ஒரே ஒரு முறைக்கு என்றால், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுனைச் சொடுக்கினால் முழுமையாக அணையும். 'ரீஸ்டார்ட்' எப்போதும் முழுமையாகவே அணைத்து எழுப்பும். இரட்டை பூட் வைத்திருப்பவர்கள் இந்த வசதியை நிரந்தரமாகவே அணைத்துவிடுவது நல்லது. எஸ்எஸ்டி இருக்கும் கணினியில் இதனால் மிச்சமாகும் சில நொடிகள் இந்தத் தொல்லைக்கு ஈடாகாது.

இதே எச்சரிக்கை லினக்ஸுக்கும் பொருந்தும். லினக்ஸை ஹைபர்னேட் செய்துவிட்டு, பென் டிரைவில் பூட் செய்து அதன் பார்ட்டிஷனை மாற்றக் கூடாது. பாதியில் நிற்கும் விண்டோஸ் அப்டேட் இருந்தால் அதையும் முடித்துவிட்டு வாருங்கள்.

சி டிரைவில் 150 ஜிபி காலி. ஆனால் 8 ஜிபிக்கு மேல் சுருக்க முடியாது என்கிறது விண்டோஸ். ஏன்?

அதிகம் பேரைத் திகைக்க வைக்கும் கேள்வி இதுதான். காலியிடம் இருக்கிறது, ஆனால் அது தொடர்ச்சியாக வலது ஓரத்தில் இல்லை. நகர்த்தவே முடியாத சில கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருக்கின்றன. நினைவகத்தின் நீட்சியாகப் பயன்படும் பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் கோப்பு, சிஸ்டம் ரீஸ்டோரின் நகல்கள், என்டிஎஃப்எஸ்ஸின் முதன்மைக் கோப்பு அட்டவணையின் பகுதிகள் ஆகியவையே அவை. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது இவற்றை இடம்பெயர்க்க இயலாது. ஆக, இவற்றில் கடைசியாக உட்கார்ந்திருப்பது எதுவோ அதுவே சுருக்கத்தின் எல்லை.

தீர்வு தற்காலிக வெளியேற்றம். ஹைபர்னேஷனை அணையுங்கள், சி டிரைவுக்கான சிஸ்டம் புரொடெக்‌ஷனை அணையுங்கள், பேஜ் ஃபைல் வேண்டாம் என்று சொல்லுங்கள், கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். சிஸ்டம் புரொடெக்‌ஷனை அணைத்தால் பழைய மீட்புப் புள்ளிகள் போய்விடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். இப்போது மீண்டும் சுருக்கிப் பாருங்கள். பெரும்பாலும் எண் கணிசமாக உயர்ந்திருக்கும். வேலை முடிந்ததும் மறக்காமல் எல்லாவற்றையும் பழையபடி போட்டுவிடுங்கள், முக்கியமாகப் பேஜ் ஃபைலை.

இதற்குப் பிறகும் அசையவில்லை என்றால் ஈவென்ட் வியூவரைத் திறந்து, அப்ளிகேஷன் பதிவேட்டில் 259 என்ற எண்ணுள்ள நிகழ்வைத் தேடுங்கள். சுருக்க முயன்றபோது வழிமறித்த கடைசிக் கோப்பு எது என்று அதில் பெயரோடு எழுதியிருக்கும். பலருக்குத் தெரியாத வசதி இது. சில நேரம் ஏதோ ஒரு தேடல் அட்டவணையோ வைரஸ் தடுப்பு மென்பொருளின் கோப்போதான் குற்றவாளியாக இருக்கும்.

கடைசி வழியாக ஜிபார்ட்டட். வெளியிலிருந்து வேலை செய்வதால் அதற்கு அந்தக் கோப்புகள் 'நகர்த்த முடியாதவை' அல்ல. முதலில் ஓர் ஒத்திகை பார்த்து, சரியாக வரும் என்று தெரிந்த பிறகே உண்மையான மாற்றத்தைத் தொடங்கும். ஆனால் அதற்கு முன் விண்டோஸில் டிஸ்க் பிழைச் சோதனையை ஓட்டிவிட்டு, முழுமையாக அணைத்துவிட்டு வர வேண்டும்.

எத்தனை என்று எண்ணை எழுதும்போது ஏன் குழப்பம் வருகிறது?

டிஸ்க் மேனேஜ்மென்ட் எம்பி கணக்கில் கேட்கிறது. அங்கே 1 ஜிபி என்பது 1024 எம்பி. 50 ஜிபி வேண்டுமானால் 51200, 100 ஜிபி வேண்டுமானால் 102400. இன்னொன்று: அந்தப் பெட்டி கேட்பது 'எவ்வளவு குறைக்க வேண்டும்' என்பதை. 'எவ்வளவு மிஞ்ச வேண்டும்' என்று நினைத்து எழுதுபவர்கள் உண்டு. டிஸ்க் தயாரிப்பாளர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுவதால், 500 ஜிபி டிஸ்க் விண்டோஸில் ஏறத்தாழ 465 ஜிபியாகவே தெரியும். எதுவும் தொலைந்துபோகவில்லை.

விண்டோஸைச் சுருக்கிவிட்டேன். காலியிடம் லினக்ஸுக்கு இடப்பக்கம் இருக்கிறது. இப்போது?

இதுதான் வழக்கமான நிலைமை. டிஸ்க்கில் இடமிருந்து வலமாக பூட் கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷன், மைக்ரோசாஃப்ட் ஒதுக்கிய 16 எம்பி, சி டிரைவ், காலியிடம், லினக்ஸ் என்று இருக்கும். சில கணினிகளில் சி டிரைவுக்கும் லினக்ஸுக்கும் நடுவே விண்டோஸின் மீட்புப் பார்ட்டிஷனும் குந்தியிருக்கும். காலியிடம் லினக்ஸின் தொடக்கத்துக்கு முன்னே இருப்பதால், அதை விழுங்க லினக்ஸின் தொடக்கம் நகர்ந்தே ஆக வேண்டும். மேலே சொன்ன ஆபத்தான வேலை.

இங்கே நின்று யோசியுங்கள். லினக்ஸ் பார்ட்டிஷன் 30, 40 ஜிபி அளவில் சிறியதாக இருந்து, எஸ்எஸ்டியிலும் இருந்தால் நகர்த்தலாம். நேரம் அதிகம் பிடிக்காது. மடிக்கணினி என்றால் சார்ஜரைச் செருகி, லைவ் அமர்வில் தூங்கும் அமைப்பை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். பெரிய பார்ட்டிஷன், பழைய சுழலும் டிஸ்க் என்றால் வேறு வழிதான் நல்லது: காலியிடத்தில் புதிய பார்ட்டிஷனை உருவாக்கி, ஹோம் கோப்புறையை அங்கே மாற்றிவிடுங்கள். மூலப் பார்ட்டிஷன் தானாகவே மூச்சுவிடும். நானாக இருந்தால் எந்த அளவானாலும் இதைத்தான் செய்வேன்.

பிடிஆர்எஃப்எஸ் என்ற லினக்ஸ் கோப்பு முறைமையைப் பயன்படுத்துபவர்களுக்கு இன்னும் வசதி. புதிய பார்ட்டிஷனை இருக்கிற கோப்பு முறைமையோடு இன்னொரு சாதனமாகச் சேர்த்துவிடலாம். எதையும் நகர்த்த வேண்டியதில்லை.

ஜிபார்ட்டடில் பார்ட்டிஷன் பக்கத்தில் சாவி அடையாளம் தெரிகிறது. எதையும் மாற்ற விடவில்லை.

அந்தப் பார்ட்டிஷன் மவுன்ட் ஆகியிருக்கிறது என்று பொருள். வலச்சொடுக்கி அன்மவுன்ட் செய்யுங்கள். ஸ்வாப் (நினைவகம் போதாதபோது லினக்ஸ் பயன்படுத்தும் இடம்) என்றால் 'ஸ்வாப்ஆஃப்' கொடுங்கள். டிஸ்க்கில் ஸ்வாப் பார்ட்டிஷன் இருந்தால் லைவ் அமர்வு கேட்காமலேயே அதை எடுத்துப் பயன்படுத்தத் தொடங்கிவிடும். ஒவ்வொரு வேலையாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். 'அப்ளை' பொத்தானை அழுத்தும்வரை டிஸ்க்கில் எதுவும் மாறுவதில்லை. எனவே அழுத்துவதற்கு முன் கீழே தெரியும் பட்டியலை நிதானமாகப் படியுங்கள். 'நகர்த்து' என்ற சொல் நீங்கள் எதிர்பார்க்காத வரியில் இருந்தால் அப்போதே ரத்து செய்யுங்கள். அழுத்திய பிறகு ரத்து செய்வது ஆபத்து. முன்னேற்றப் பட்டை அரை மணி நேரம் அசையாமல் நின்றாலும் கை வைக்காதீர்கள்.

எல்லா லினக்ஸ் கோப்பு முறைமைகளும் ஒரே மாதிரிதானா?

இல்லை. இஎக்ஸ்டி4 ஓடிக்கொண்டிருக்கும்போதே விரியும். ஆனால் சுருக்க வேண்டுமானால் அன்மவுன்ட் செய்தாக வேண்டும். பிடிஆர்எஃப்எஸ் பயன்பாட்டில் இருக்கும்போதே இரண்டையும் செய்யும். எக்ஸ்எஃப்எஸ் விரியும், சுருங்காது. அதைச் சிறிதாக்க வேண்டுமானால் தரவை வெளியே எடுத்து, புதிதாக வடிவமைத்து, திரும்ப வைப்பதே வழி.

கட்டளைகளைக் கொண்டு கையால் செய்பவர்கள் வரிசையை மாற்றிவிடக் கூடாது. சுருக்கும்போது முதலில் கோப்பு முறைமை, பிறகு பார்ட்டிஷன். விரிக்கும்போது முதலில் பார்ட்டிஷன், பிறகு கோப்பு முறைமை. ஜிபார்ட்டட் இதைத் தானே பார்த்துக்கொள்கிறது. எல்விஎம், லக்ஸ் மறைகுறியாக்கம் போன்ற அடுக்குகள் இருந்தால் ஒவ்வோர் அடுக்கையும் இதே வரிசையில் தனித்தனியாக மாற்ற வேண்டும். அது இன்னொரு பக்கத்துக்கான விஷயம். பழக்கமில்லாதவர்கள் இரட்டை பூட் கணினியில் முதன்முதலாக முயன்று பார்க்க வேண்டாம்.

தலைகீழாகக் கேட்கிறேன்: லினக்ஸை நீக்கிவிட்டேன். சி டிரைவை விரிக்கும் வசதி மங்கலாகத் தெரிகிறது. ஏன்?

காலியிடம் சி டிரைவுக்கு உடனடியாக வலப்பக்கம் ஒட்டியிருந்தால்தான் டிஸ்க் மேனேஜ்மென்ட் விரிக்கும். நடுவே மீட்புப் பார்ட்டிஷன் இருந்தால் வசதி மங்கிவிடும். அதை ஜிபார்ட்டடில் வலப்பக்கம் நகர்த்தலாம். ஒரு ஜிபி அளவிலேயே இருக்கும் என்பதால் நகர்த்துவதில் பெரிய கவலையில்லை. அல்லது விண்டோஸின் ரீஏஜென்ட்சி கட்டளையால் மீட்புச் சூழலை முடக்கி, அதன் கோப்பு சி டிரைவுக்குள் வந்ததும் அந்தப் பார்ட்டிஷனை நீக்கி, சி டிரைவை விரித்து, கடைசியில் மீண்டும் ஒன்றை உருவாக்கி இயக்கலாம்.

மீண்டும் உருவாக்கும்போது கஞ்சத்தனம் வேண்டாம். 2024 ஜனவரியில் வந்த ஒரு விண்டோஸ் 10 பாதுகாப்பு மேம்படுத்தல், மீட்புப் பார்ட்டிஷனில் இடம் போதாமல் ஏராளமான கணினிகளில் 0x80070643 என்ற பிழையோடு நின்றது. அதை 250 எம்பி பெரிதாக்கிக்கொள்ளும்படி மைக்ரோசாஃப்டே வழிமுறை வெளியிட வேண்டியிருந்தது. ஒரு ஜிபி கொடுத்துவிட்டால் நிம்மதி.

இன்னொரு முக்கியமான எச்சரிக்கை. லினக்ஸ் பார்ட்டிஷனை மட்டும் நீக்கினால், இயங்குதளங்களை எழுப்பும் லினக்ஸின் பூட் நிரலான கிரப் பாதி இறந்து நிற்கும். பழைய பயாஸ் கணினியில், நீக்குவதற்கு முன்பே விண்டோஸின் பூட் நிரலை மீட்டுவைக்க வேண்டும். யுஇஎஃப்ஐ கணினியில் பூட் வரிசையில் விண்டோஸை முதலில் வைத்தால் போதும்.

இஎஃப்ஐ பார்ட்டிஷன் 100 எம்பிதான் இருக்கிறது. பெரிதாக்கலாமா?

தேவையில்லாவிட்டால் தொடாதீர்கள். இரண்டு இயங்குதளங்களின் பூட் கோப்புகளும் வழக்கமாக அதிலேயே அடங்கிவிடும். மேலும் 256 எம்பிக்குக் கீழே உள்ள ஃபேட் பார்ட்டிஷன்களை மாற்றும்போது ஜிபார்ட்டடின் உள்ளே இருக்கும் நூலகம் அடிக்கடி முரண்டு பிடிக்கும். கெர்னல்களையே அதில் வைக்கும் வகை லினக்ஸ் என்றால் மட்டுமே இடம் போதாமல் போகும். அப்போதும் வேறோர் இடத்தில் பெரிதாக ஒன்றை உருவாக்கிக் கோப்புகளை நகலெடுப்பதே எளிது. பழையதை உடனே அழிக்க வேண்டாம்.

கணினி பழையது, எம்பிஆர் டிஸ்க். வேறுபாடு உண்டா?

உண்டு. எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் அட்டவணை முறையில் நான்கு முதன்மைப் பார்ட்டிஷன்களே சாத்தியம். அதற்கு மேல் வேண்டுமானால் நீட்டிக்கப்பட்ட பார்ட்டிஷனுக்குள் தருக்கப் பார்ட்டிஷன்களாக வைக்க வேண்டும். லினக்ஸ் அதற்குள் இருந்தால் முதலில் வெளிக்கூட்டை விரித்துவிட்டுத்தான் உள்ளே இருப்பதை விரிக்க முடியும். நான்கும் நிரம்பிய டிஸ்க்கில் ஐந்தாவதை உருவாக்கச் சொன்னால், டைனமிக் டிஸ்க்காக மாற்றட்டுமா என்று டிஸ்க் மேனேஜ்மென்ட் கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். சரி என்றால் லினக்ஸ் பூட் ஆகாமல் போகக்கூடும். திரும்பி வருவதும் எளிதல்ல.

எம்பிஆர் டிஸ்க்கில் விண்டோஸ் தன் பார்ட்டிஷனை அது தொடங்கும் இடத்தை வைத்தே அடையாளம் காண்கிறது. அதன் தொடக்கத்தை நகர்த்தினால் விண்டோஸ் எழாது; நிறுவல் பென் டிரைவிலிருந்து ஸ்டார்ட்டப் ரிப்பேர் ஓட்ட வேண்டியிருக்கும். புதிய அட்டவணை முறையான ஜிபிடி உள்ள டிஸ்க்கில் இந்தத் தொல்லை இல்லை. எம்பிஆரிலிருந்து ஜிபிடிக்கு மாற்ற மைக்ரோசாஃப்ட் தரும் கருவி, நீட்டிக்கப்பட்ட பார்ட்டிஷன் உள்ள டிஸ்க்கை ஏற்காது. இரட்டை பூட் வைத்திருக்கும் பலருக்கும் அது உதவாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

முடித்துவிட்டேன். லினக்ஸ் எழ ஒன்றரை நிமிடம் எடுக்கிறது. முன்பு இப்படி இல்லை.

ஸ்வாப் பார்ட்டிஷனை நீக்கிப் புதிதாக உருவாக்கினீர்களா? அளவை மாற்றுவதால் பார்ட்டிஷனின் யுயுஐடி அடையாளம் மாறாது. நீக்கி உருவாக்கினால் மாறிவிடும். எழும்போது எதையெல்லாம் இணைப்பது என்று லினக்ஸுக்குச் சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய அடையாளமே இருப்பதால், இல்லாத சாதனத்துக்காக லினக்ஸைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி 90 நொடிகள் காத்துக்கிடக்கிறது. புதிய அடையாளத்தை அந்தக் கோப்பில் எழுதினால் சரியாகிவிடும். ஹைபர்னேட் பயன்படுத்துபவர்கள் 'ரெஸ்யூம்' அமைப்பிலும் மாற்ற வேண்டும்.

கருப்புத் திரையில் கிரப் ரெஸ்க்யூ என்று வந்து நிற்கிறது. எல்லாம் போய்விட்டதா?

அநேகமாக எதுவும் போகவில்லை. கிரப் தன் மீதிக் கோப்புகள் இருக்கும் பார்ட்டிஷனைக் கண்டுபிடிக்க முடியாமல் நிற்கிறது, அவ்வளவுதான். பார்ட்டிஷன் எண்கள் மாறிப்போனதோ தொடக்கம் நகர்ந்ததோ காரணமாக இருக்கலாம். லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து, உங்கள் கோப்புகள் தெரிகின்றனவா என்று முதலில் பாருங்கள். தெரிந்தால் கிரப்பை மீண்டும் நிறுவினால் போதும்; உபுண்டு வகையறாவில் பூட் ரிப்பேர் என்ற கருவி இதைச் செய்துதரும். யுஇஎஃப்ஐ கணினியில் கிரப் மெனுவே வராமல் நேராக விண்டோஸ் எழுந்தால், பெரும்பாலும் பூட் வரிசை மாறியிருக்கும். ஃபர்ம்வேர் அமைப்புக்குள் போய்ச் சரிசெய்யலாம்.

பார்ட்டிஷனே பட்டியலில் இல்லை என்றால் டெஸ்ட்டிஸ்க் இருக்கிறது. அட்டவணையிலிருந்து விழுந்த பார்ட்டிஷன்களை அது தேடி எடுக்கும். நிபந்தனை ஒன்றுதான்: அதற்குள் அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதியிருக்கக் கூடாது. பதற்றத்தில் மறுபடி நிறுவிப் பார்ப்பவர்கள் மீட்கக்கூடியதையும் அழித்துவிடுகிறார்கள்.

விண்டோஸ் முதல் முறை எழும்போது டிஸ்க் சோதனை ஓடுகிறது. நிறுத்தலாமா?

ஜிபார்ட்டட் கொண்டு என்டிஎஃப்எஸ்ஸை மாற்றினால் அந்தச் சோதனை நடப்பதுதான் முறை; வேண்டுமென்றே அப்படிக் குறித்துவைக்கிறது. ஓடட்டும். அதற்குப் பிறகு விண்டோஸை இன்னொரு முறையும் மறுதொடக்கம் செய்துவிட்டு லினக்ஸுக்குப் போங்கள்.

'இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த வடிவமைக்க வேண்டும்' என்று விண்டோஸ் கேட்கிறதே?

ரத்து செய்யுங்கள். அது உங்கள் லினக்ஸ் பார்ட்டிஷன். இஎக்ஸ்டி4 விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாத எழுத்து என்பதால் வெற்று டிஸ்க் என்று நினைக்கிறது. டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்தப் பார்ட்டிஷனுக்கு ஒதுக்கப்பட்ட டிரைவ் எழுத்தை நீக்கிவிட்டால் மறுபடி கேட்காது. குடும்பத்தில் வேறு யாராவது அந்தக் கணினியைப் பயன்படுத்தினால் இதை இன்றே செய்துவிடுங்கள்.

லைவ் யுஎஸ்பியில் டிஸ்க்கே தெரியவில்லை.

சில மடிக்கணினிகளில் இன்டெலின் விஎம்டி அல்லது ரெய்டு முறையில் டிஸ்க் இணைக்கப்பட்டிருக்கும். ஃபர்ம்வேரில் ஏஎச்சிஐ என்ற இணைப்பு முறைக்கு மாற்றினால் லினக்ஸுக்குத் தெரியும். ஆனால் முன்தயாரிப்பு இல்லாமல் மாற்றினால் விண்டோஸ் எழாது. விண்டோஸைச் சேஃப் மோடில் எழும்படி அமைத்துவிட்டு, பிறகு மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் எழுப்பி, வழக்கமான நிலைக்குத் திரும்ப வேண்டும். பிட்லாக்கர் சாவி இங்கேயும் தேவைப்படும்.

யாருக்கு எவ்வளவு விடுவது?

விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்சம் 64 ஜிபி. அதை நம்பி அந்த அளவுக்குச் சுருக்கினால் அடுத்த பெரிய மேம்படுத்தலில் மாட்டிக்கொள்வீர்கள். இப்போது பயன்பட்டிருக்கும் அளவுக்கு மேல் குறைந்தது 40 ஜிபி காலியாக விடுங்கள். லினக்ஸ் மூலப் பார்ட்டிஷனுக்குச் சாதாரணப் பயன்பாட்டில் 60 ஜிபி தாராளம். ஃபிளாட்பேக், டாக்கர், விளையாட்டுகள் என்று போனால் 100க்கு மேல் யோசியுங்கள். இரண்டுக்கும் பொதுவான கோப்புகளுக்கு நடுவே ஒரு என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் வைத்துக்கொண்டால், இரு பக்கமும் மெதுவாகவே நிரம்பும். 5.15 கெர்னலிலிருந்து லினக்ஸிலேயே என்டிஎஃப்எஸ்ஸில் எழுதவும் செய்யும் இயக்கி உள்ளமைந்தே வருகிறது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் அணைந்திருக்க வேண்டும் என்பது மட்டும் அங்கேயும் நிபந்தனை.